பெரிய எழுத்து

போன மாதம் ஒரு கவிதைத் தொகுப்பின் வெளியீடு முடிந்து, வழக்கம்போல் கூட்டத்தில் இருந்ததைவிட அதிகம் பேர் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது, நான் ஒரு பழைய நாவலைக் கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. நம்மில் மூத்தவர் ஒருவர், நல்ல கவிஞர், தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அதற்குத் திருட்டு என்று பெயர்" என்றார். இன்னொருவர், "புத்தகம்கிற விஷயத்தையே கொலை பண்றீங்க" என்றார். மூன்றாமவர் காகித வாசனையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். திருட்டு, கொலை இரண்டுக்கும் அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். வாசனைக்குத்தான் சட்டென்று பதில் வரவில்லை. ஆதம்பாக்கம் வந்து வண்டியை நிறுத்தும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

காரியம் என் அத்தை சம்பந்தப்பட்டது. அப்பாவின் அக்கா. ஜாம்ஷெட்பூரில் எஃகு ஆலையில் வேலை பார்த்த மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள், மாமா இறந்த பிறகும் மகன் வீட்டோடு அங்கேயே தங்கிவிட்டாள். வயது 81. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்துக்கொண்ட தலைமுறை. லீவுக்கு வரும்போது அந்த பைண்டுகளில் இரண்டு மூன்றாவது டிரங்குப் பெட்டியில் இருக்கும். பி.ஏ. ஆங்கிலத்தில் எனக்கு எலியட்டைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஜானகிராமனைச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். அவள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் தமிழ்ப் புத்தகம் விற்கிற கடை எதுவும் இல்லை. இங்கிருந்து 1,500 கிலோமீட்டருக்கு மேல்.

பத்து வருஷமாகத் தபாலில் அனுப்பி வந்தேன். பதிவுப் புத்தக அஞ்சல் என்று ஒன்று இருந்தது, மலிவு. 2024 டிசம்பரில் அந்த வகையையே எடுத்துவிட்டார்கள். 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. ஆனால் குறிப்பிட்ட இடைவெளியில் வெளிவரும் வெளியீடுகள் அதில் போகாது. அதாவது நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த இதழ் 'ஞானம்' என்ற வரையறைக்கு வெளியே. (நாம் குறிப்பிட்ட இடைவெளியில் எங்கே வருகிறோம் என்று கௌண்டரில் வாதாடிப் பார்க்கலாம்.)

இதற்கிடையில் அத்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். அதன் பிறகு விழித்திரையின் நடுவில் தேய்மானம். இந்த வியாதியின் குரூரம் என்னவென்றால், நேராகப் பார்க்கிற எழுத்து மறைந்துவிடும். அதைச் சுற்றி இருப்பதெல்லாம் தெரியும். ஜன்னல் தெரியும், ஆள் தெரியும், வரியின் ஓரம் தெரியும். படிக்க வேண்டிய சொல் மட்டும் இருக்காது. ஒரு நாள் ராத்திரி போன் செய்து, "டேய், இப்பல்லாம் எழுத்தைச் சின்னதாப் போடறாங்களா, இல்ல என் கண்ணுதானா?" என்று கேட்டாள். "ரெண்டும்தான் அத்தை" என்றேன்.

ரெண்டும்தான். மறுநாள் என் அலமாரியிலிருந்து பத்துப் புத்தகங்களை எடுத்து, அந்தக் கேள்வியோடு திறந்து பார்த்தேன். நாம் கொண்டாடுகிற புத்தகங்கள். பக்கத்துக்கு முப்பத்தைந்து வரி, நாற்பது வரி. முதுகை ஒடித்தால்தான் உள்ஓரத்துச் சொல் தெரியும். காகிதச் செலவு என்று பிரசுரகர்த்தர் சொல்வார். அது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செலவு மிச்சமானது யார் கண்ணை வைத்து என்று நம்மில் ஒருவரும் இதுவரை கேட்டதாக ஞாபகம் இல்லை. இந்தப் பத்திரிகையின் எழுத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்; ஆசிரியர் வெட்டாமல் விடவேண்டும்.

தமிழில் கண்ணைப் பற்றி நினைத்த பதிப்பாளர்கள் இருந்திருக்கிறார்கள். நாம் மதிக்காத பதிப்பாளர்கள். பி. இரத்தின நாயகர் ஸன்ஸ் முதலானவர்கள் போட்ட 'பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை', 'பெரிய எழுத்து நல்லதங்காள் கதை'. பெயரிலேயே பெரிய எழுத்து. மட்டமான காகிதம், முரட்டுப் படங்கள், வரிக்கு வரி பிழை. திண்ணையில் அரிக்கேன் விளக்கில் ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்க, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரும் கண் மங்கியவரும் தடுமாறாமல் படிக்கவேண்டும் என்று அந்த வியாபாரிக்குத் தெரிந்திருந்தது. லாபத்துக்காகத்தான், அதனால் என்ன? நவீனத்துவம் வந்தபோது நாம் பெரிய எழுத்தைப் பாமரத்தனத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டோம். சின்ன எழுத்து, அகன்ற ஓரம், பெயரைக்கூடக் கூச்சத்தோடு சொல்லும் அட்டை. நமக்கு அது கலை. இங்கிலாந்தில் 1964இல் ஃபிரடெரிக் தார்ப் என்பவர் கண் மங்கிய வயதானவர்களுக்காகவே பெரிய எழுத்தில் நாவல்களை மறுபதிப்புச் செய்ய ஆரம்பித்து, பொது நூலகங்களில் அது தனி அலமாரியாகவே ஆனது. நம் ஊரில் அப்படி ஒரு அலமாரியை நான் பார்த்ததில்லை. இங்கே முதியவர்களுக்குப் பெரிய எழுத்தில் கிடைப்பது கந்த சஷ்டி கவசம். பக்தி வியாபாரத்துக்கு இருக்கும் வாசக சிரத்தை இலக்கியத்துக்கு இல்லை.

ஆகவே காகித வாசனை. அது கண் நன்றாக இருக்கிறவனின் மூக்கு. நாற்பது வயதுக்குள் இருப்பவர்களும், நாற்பதைத் தாண்டியும் கண்ணாடியால் சமாளிக்கிறவர்களும் தங்கள் சௌகரியத்துக்கு வைத்த கவித்துவப் பெயர் அது. வாசனைக்காக எதையும் வாங்கலாம், ஊதுவத்தி வாங்கலாம். படிப்பதற்கு வாங்கப்பட்ட பொருள் படிக்க முடியாமல் போனால், அதை முகர்ந்து பார்ப்பதில் என் அத்தைக்கு என்ன கிடைக்கும்?

அதனால் ஒரு மின்வாசிப்புக் கருவி வாங்கி அனுப்பினேன். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது, ஆறு அங்குலத் திரை, கண்ணைக் கூசாத சாம்பல் வெளிச்சம். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போய், திரைக்கு எட்டு வரி, வரிக்கு மூன்று சொல் என்ற இடத்தில் அத்தை "நிறுத்து" என்றாள். அந்த அளவில் ஒரு நாவலை அச்சடித்தால் தூக்க ஆள் வேண்டும். கருவிக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு. கிளையில் கௌண்டரை மூடிவிட்டு நான் அனுப்பினால், அவள் மாலைக் காபி குடிக்கும்போது அங்கே வந்திருக்கும். முதலில் புதுமைப்பித்தன் கேட்டாள். ராத்திரி இரண்டு மணி வரை படித்ததாக மகன் புகார் சொன்னான். நான் கேட்ட புகார்களில் மிக நல்ல புகார் அது.

அந்தப் புதுமைப்பித்தன் எங்கிருந்து வந்தது? மதுரைத் திட்டத்திலிருந்து. சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த கு. கல்யாணசுந்தரம் என்ற விஞ்ஞானி 1998 பொங்கலன்று தொடங்கியது. முதல் நூல் திருக்குறள். உலகத்தின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து தட்டச்சு செய்தார்கள். இன்னொருவர் பிழை பார்த்தார். காசு கிடையாது, மேடை கிடையாது, பொன்னாடை கிடையாது. பிறகு 2013இல் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் என்று இன்னொரு தன்னார்வலர் குழு, எழுத்தாளர்களிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கி, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், ஆறு அங்குலத் திரைக்கென்றே தனிக் கோப்புகள் செய்து போட ஆரம்பித்தார்கள். அச்சடித்துப் பழகிய நமக்கு ஒரு வரியில்கூட தோன்றாத அளவு அது: ஆறு அங்குலம்.

செல்லப்பா புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கிய கதையை நாம் வருஷத்துக்கு நாலு தடவை சொல்லிக்கொள்கிறோம். கண் கலங்குகிறோம். அவர் தூக்கிக்கொண்டு அலைந்தது காகிதத்தைக் காப்பாற்றவா, வாசகனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவா? லோசானில் உட்கார்ந்து தட்டியவரும் அதே கட்டைத்தான் தூக்கினார். அவரைப் பற்றி நம் பத்திரிகைகளில் ஒரு கட்டுரை வந்து நான் படித்ததில்லை.

இப்போது மறுபக்கம். மின்நூல் என்று கடையில் விற்கப்படுவதைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை அதிகம் இல்லை, ஆனால் என் காரணங்கள் வாசனைக்காரர்களின் காரணங்கள் அல்ல.

அத்தையின் பிறந்தநாளுக்கு ஒரு மின்நூல் வாங்கினேன். கணக்கு என் பெயரில், அட்டை என் பெயரில். சில நாட்கள் கழித்து என் கைபேசியில் அதே நூலைத் திறந்தபோது, 'நீங்கள் இதுவரை வந்த இடம்' என்று ஒரு பக்கத்துக்குக் கூட்டிப்போகட்டுமா என்று கேட்டது. அது நான் வந்த இடம் இல்லை. அத்தை நிறுத்தியிருந்த இடம். ஒரு விதவை தன் மருமகளைப் பற்றி யோசிக்கிற பக்கம். கூடவே அத்தை விரல் பட்டோ, வேண்டுமென்றோ அடிக்கோடிட்ட இரண்டு வரிகள். எனக்கு உடம்பு கூசியது. ஒருவருக்குப் புத்தகம் கொடுத்துவிட்டு அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதுபோல். நான் உடனே அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டேன். கடைக்காரன் துண்டித்துக்கொள்ளவில்லை. அவனுக்கு அந்த எட்டிப் பார்த்தல்தான் தொழில்: அமேசானின் வாடகைத் திட்டத்தில் 2015 ஜூலையிலிருந்து எழுத்தாளனுக்குப் பணமே எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்ற கணக்கில்தான். வாசகி எங்கே நின்றாள் என்பது அங்கே ரசனை விஷயம் இல்லை, பேரேட்டுப் பதிவு.

இரண்டாவது, அது விற்பனையே இல்லை. படிப்பதற்கான அனுமதி மட்டும். 2009 ஜூலையில் அமேசான், அமெரிக்க வாசகர்கள் காசு கொடுத்து வாங்கியிருந்த ஆர்வெலின் '1984'ஐ அவர்களுடைய கருவிகளிலிருந்து ராவோடு ராவாக அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லையாம். பணம் திரும்பி வந்தது, மன்னிப்பும் வந்தது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது வாங்கியவர்கள் புத்தகங்கள் எல்லாம் திறக்காமல் போயின. அங்கேயும் பணம் வந்தது. பணம் வந்ததே என்பார்கள். என் வீட்டுக்குள் வந்து அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேஜைமேல் காசை வைத்துவிட்டுப் போகிறவனை நாம் கடைக்காரன் என்று சொல்வோமா? 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியையும் அமேசான் எடுத்துவிட்டது. பூட்டு கொஞ்சம் தளர்வாக இருந்த இடம் அது.

நான் வங்கியில் வேலை பார்க்கிறவன். ஐந்நூறு ரூபாய் இருக்கும் சேமிப்புக் கணக்குக்கும் வாரிசு நியமனம் கேட்போம். லாக்கருக்குக் கேட்போம். அத்தையின் பைண்டு வால்யூம்களுக்கு நியமனமே தேவையில்லை; அவள் கை நீட்டி எடுத்துக் கொடுத்தால் என்னுடையவை. ஆனால் கடையில் 'வாங்கிய' முந்நூறு மின்நூல்களுக்கு வாரிசு கிடையாது. கணக்கு வைத்தவர் போனால் அவையும் போகும். மாற்றித்தர முடியாது என்று உரிமத்திலேயே இருக்கிறது. 81 வயதுக்காரிக்குப் பரிசு கொடுக்கும்போது இதை யோசிக்காமல் இருக்க முடியாது. யாருக்கும் கொடுக்க முடியாத ஒன்றை எப்படி ஒருவருக்குக் கொடுத்ததாகச் சொல்வது?

இலவசமாகக் கிடைப்பவற்றிலும் ஒரு ஏமாற்று உண்டு. அரசின் தமிழ் மின்நூலகம் அரிய நூல்களை, பழைய பத்திரிகைகளைத் தேடி எடுத்து வைத்திருக்கிறது. ஆராய்ச்சிக்காரனுக்குப் பொக்கிஷம், நானே தினம் போகிறேன். ஆனால் அவை பெரும்பாலும் பக்கத்தைப் படம் பிடித்த கோப்புகள். படத்தைப் பெரிதாக்கினால் எழுத்து பெரிதாகும், வரி மடங்காது. ஒரு வரியைப் படிக்க இடமிருந்து வலம் தள்ளி, அடுத்த வரிக்குத் திரும்ப இடதுக்கு இழுத்து. நடுங்குகிற விரலால் ஒரு பக்கம் இப்படி இழுத்துப் பாருங்கள். நம் பதிப்பகங்களிடம் அச்சுக் கோப்புகள் இருக்குமே என்றால், பல பத்து வருஷங்களாக ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துருக் குறியீட்டில் அடித்து வைத்திருக்கிறார்கள். ஒருங்குறிக்கு மாற்றினால் ஐகாரம் ஒரு பக்கம், கொம்பு ஒரு பக்கம். ஒரு பதிப்பாளர் பழைய குறுந்தகட்டை என்னிடம் கொடுத்து, "முடிஞ்சா எடுத்துக்கங்க" என்றார். முடியவில்லை.

இனி திருட்டு. அத்தை கேட்டது 1960களில் வந்து, பிறகு மறுபதிப்பே காணாத ஒரு நாவல். பெயர் சொல்லவில்லை, வாரிசுகளுக்கு வீண் சங்கடம். பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி கிடைத்தது, 214 பக்கம், தொட்டால் ஓரம் உதிர்கிறது. (வாசனை பிரமாதம்.) ராத்திரி ஒன்பதரைக்கு மேல் தினம் ஐந்து பக்கம் வீதம் அதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். இதுதான் டீக்கடையில் சொன்ன குற்றம்.

சட்டத்தைப் படித்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில், ஊனமுற்ற ஒருவர் படிக்கக்கூடிய வடிவத்தில் ஒரு நூலைப் பிரதி செய்து, அவருடைய சொந்த உபயோகத்துக்குப் பகிர்ந்துகொள்ள எவரையும் அனுமதிக்கிறது. லாப நோக்கம் கூடாது என்பது நிபந்தனை. ஸ்தாபனம் வேண்டும் என்றுகூட இல்லை; தனி மனிதன் போதும். 2013இல் மராகேஷில் இதே நோக்கத்தோடு ஒரு சர்வதேச உடன்படிக்கை உருவானபோது, அதை முதலில் உறுதி செய்த தேசம் இந்தியா, 2014இல். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம் குறைபார்வை என்றால் என்ன என்று எண்ணிலேயே சொல்கிறது: கண்ணாடி போட்டும் நல்ல கண்ணில் 6/18க்கு மேல் இல்லாத பார்வை. அத்தையின் நல்ல கண் 6/36. ஆகவே கவிஞர் அவர்களே, நான் திருடன் இல்லை. சட்டத்தை எழுதியவர்களுக்கு என் அத்தையைப் பற்றி உங்களைவிடக் கூடுதல் கற்பனை இருந்திருக்கிறது.

டெலிகிராமில் நேற்று வந்த நாவலை இன்று ஏற்றிவிடுகிறவர்களை நான் ஆதரிக்கவில்லை. முந்நூறு பிரதி போட்டு வீட்டுக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருக்கும் பதிப்பாளனின் வயிற்றில் அடிக்கிற வேலை அது. ஆனால் அந்தக் கோபத்தையே எடுத்து, எங்கும் கிடைக்காத புத்தகத்தைத் தட்டச்சு செய்கிறவன் மேல் வீசுவது வேறு விஷயம். விற்பனைக்கே இல்லாத நூலில் யாருடைய வருமானம் போகிறது?

சட்டத்தை அதன் போக்கில் விட்டால், எழுத்தாளன் இறந்து 60 வருஷம் வரை உரிமை நிற்கும். 1948இல் இறந்த புதுமைப்பித்தனுக்கு அது எப்போதோ முடிந்தது. அதற்கு முன்பே நாட்டுடைமையும் ஆயிற்று. பாரதியின் உரிமையை 1949இல் அரசு வாங்கி, பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கியது. அதனால் இந்த இருவரையும் அத்தைக்கு எந்தக் கடையையும் கேட்காமல், பூட்டில்லாமல், அவளுடையதாகவே கொடுக்க முடிந்தது. ஜானகிராமன் இறந்தது 1982. கணக்குப் போட்டால் 2042 முடியவேண்டும். அத்தைக்கு அப்போது 98 இருக்கும். அவரையாவது கடையில் வாங்கலாம். நம் வட்டத்தில் எழுதி, ஒரே பதிப்போடு நின்று, இறந்துபோனவர்கள்? அவர்கள் புத்தகம் கடையிலும் இல்லை, பொதுவிலும் இல்லை. சட்டம் காவல் காக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒருவரும் இல்லை. அந்த ஒரே பதிப்பின் பிரதிகள் பெரும்பாலும் நம் அலமாரிகளில்தான் இருக்கின்றன. இரவல் கேட்டால் நாம் தருவதில்லை என்பதும் நமக்குத் தெரியும்.

உயிரோடிருக்கிற எழுத்தாளர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில், எல்லா உரிமைகளும் ஆசிரியருக்கே என்று போடுகிறோம் இல்லையா, அதற்குக் கீழே ஒரு வரி. 'இந்த நூல் ஐந்து வருஷம் அச்சில் இல்லாமல் போனால், யாரும் மின்பிரதி செய்து விலையில்லாமல் கொடுக்கலாம்.' ஐந்து வேண்டாம், பத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வருமானத்தில் ஒரு பைசா குறையாது. ஏனென்றால் அச்சில் இல்லாத நூலுக்கு வருமானம் என்று ஒன்று கிடையாது. ஒருங்குறிக் கோப்பு ஒன்றைப் பத்திரமாக வைத்திருங்கள், இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள். எனக்குத் தெரிந்த மூன்று கவிஞர்களிடம் இதைக் கேட்டேன். ஒருவர் சரி என்றார். ஒருவர் யோசிக்கிறேன் என்றார். மூன்றாமவர், தம் கவிதையின் வரி அமைப்பு திரையில் மாறிவிடும் என்றார். மாறும். வரிக்கு மூன்று சொல் விழுகிற திரையில் அவருடைய நீண்ட வரி உடைந்துதான் நிற்கும். அது நியாயமான வருத்தம், கவிதையில் அதற்கு என்னிடம் தீர்வு இல்லை. அத்தையிடம் சொன்னேன். "உடைஞ்சா சேர்த்துப் படிச்சுக்கறேன்னு சொல்லு" என்றாள். சொன்னேன். அவர் இன்னும் பதில் போடவில்லை.

நாவலில் 131ஆம் பக்கம் வரை வந்திருக்கிறேன். நூறு பக்கத்தை முதலிலேயே அனுப்பிவிட்டேன். அதை முடித்துவிட்டு மீதி எங்கே என்று தினம் போன் வருகிறது, தொடர்கதை காலத்தில் அடுத்த வாரத்துக்குக் காத்திருந்த மாதிரி இருக்கிறதாம். ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள்: இந்தக் கட்டுரையின் பிழை திருத்திய கோப்பை அச்சானதும் எனக்கே அனுப்பிவையுங்கள். நீங்கள் போடுகிற எழுத்தில் அவளால் இதைப் படிக்க முடியாது.